பாட்டுத் தொழிலும் முதுமைக்காலப் பொருளும்

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே குடியேறிய தமிழ் மக்கள் ஒரு நாட்டின் செல்வத்தைத் தம் உழைப்பால் பெருக்கினர் என்பது யாவரும் அறிந்த செய்தி. அம்மக்களிடையே பாட்டையே சிறு தொழிலாகக் கொண்டு, முதலிட்டு, அச்சிட்டு, விற்று வாழ்ந்தோரும் இருந்தனர் என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி. முதுமைக்கென அவர்கள் சேர்த்து வைத்தது யாது, சேர்க்க இயலாமற் போனதன் காரணம் யாது என ஆராய்வது பயனுடையதாகும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் உடப்புசல்லாவையை அடையலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை இடப்பட்டு, 1940களில் மூடப்பட்ட சிறிய இருப்புப் பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். இப்பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் தப்பொலி எழுந்து தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது. மாசி மாதத்தில் காமன் கூத்தும், பிற காலங்களில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துக்களும் நிகழ்ந்தன. கூத்து வாத்தியாருக்கு லயத்து மக்கள் மனமுவந்து அளித்தது மரியாதையேயன்றி ஊதியமன்று.

அக்காலத்துத் தொழிலாளியின் கணக்கில் சேமிப்பு என்பதற்கு இடமே இல்லை. பெரிய கங்காணியிடம் பெற்ற முன்பணம் அவனைக் கடனாளியாக்கிற்று. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையைத் தடை செய்தது. அதன் பின்னரே, கையில் மிஞ்சிய சில சதங்களைத் தனதென்று சொல்லும் உரிமை அவனுக்குப் படிப்படியாக வாய்த்தது. அவற்றையும் அவன் பெரும்பாலும் மூக்குத்தியாகவும் தோடாகவும் மாற்றி வைத்தான். அல்லது சீட்டுக் கட்டினான்.

இந்நிலையில்தான் பாட்டுப் புத்தகம் தோன்றிப் பரவலாயிற்று. தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யரும் அவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளரை விழிப்படையச் செய்யும் பொருட்டுப் பாடல்களை அச்சிட்டுப் பரப்பினர். அவர்கள் நோக்கம் வருவாயன்று. ஆயினும், பாட்டை அச்சிட்டால் மலைநாட்டில் வாங்குவோர் உளர் என்பது அதனால் விளங்கிற்று. நாளடைவில் பாடி விற்பதையே பிழைப்பாகக் கொண்டோர் பலர் தோன்றினர். பாட்டை இயற்றியவரே பதிப்பாளர், அவரே பாடகர், அவரே விற்பனையாளர். பலரும் அறிந்த சினிமா மெட்டில் ஊரில் நடந்த செய்தியைப் பாடி, சம்பள நாளில் கடைத்தெருவிலும், புகைவண்டி நிலையத்திலும், கோயில் திருவிழாவிலும் சில சதங்களுக்குப் புத்தகத்தை விற்றனர்.

இத்தொழிலின் இடர் அதன் அமைப்பிலேயே இருந்தது. அச்சுக்கூலியை முன்னரே கட்ட வேண்டும். விற்காத பிரதி நட்டம். அடைமழைக் காலத்தில் கூட்டம் கூடாது. வந்த ஆதாயம் அடுத்த புத்தகத்தின் அச்சுக்கூலியாயிற்று. முதலும் வீட்டுச் செலவும் ஒரே பையில் கிடந்தமையால், முதுமைக்கென ஒரு பங்கு தனியே ஒதுங்கவில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. இன்று ஊழியர் நூற்றுக்கு 8 பங்கும், வேலை கொள்வோர் 12 பங்கும் அதற்குச் செலுத்துகின்றனர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். தோட்டத்துச் செக்ரோலில் பெயருள்ள பாடகருக்கு அவருடைய கூலிக்குரிய நிதி சேர்ந்தது. பாட்டில் ஈட்டியதற்கு ஒன்றும் சேரவில்லை. தோட்ட வேலையை விட்டு முழுநேரப் பாடகரானவரோ அந்நிதியையும் தொடர்ந்து சேர்க்க இயலாதவரானார். கலையில் முன்னேறியவர் முதுமைக் காப்பில் பின்தங்கினார் என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

இந்த வேறுபாட்டின் விளைவு 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தெளிவாயிற்று. அதன்படி 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டியவராயினர். அவர்கள் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டு செல்ல ஒப்பந்தம் இடமளித்தது. ஏட்டில் எழுதப்பட்ட உழைப்பு இவ்வாறு கடல் கடந்தும் பொருளாக நின்றது. தெருவில் பாடிய உழைப்புக்கு ஏடும் இல்லை, சாட்சியும் இல்லை.

பின்வந்த சட்டங்கள் சில கதவுகளைத் திறந்தன. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஊழியருக்கே உரியது. ஆனால் 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழில் புரிவோரும் தாமே பணம் செலுத்தி ஓய்வூதியம் பெற வழி வகுத்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் படைப்பின் பொருளுரிமையைக் காக்கின்றது.

ஆகவே இன்று இசைக்குழு நடத்துவோரும், ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்போரும் அப்பாட்டுப் புத்தகக்காரரின் வாழ்விலிருந்து மூன்று பாடங்களைப் பெறலாம். தொழில் முதலையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைத்தல் ஒன்று. கச்சேரி கிடைத்த மாதத்திலேயே முதுமைப் பங்கை ஒதுக்குதல் மற்றொன்று. பாட்டின் உரிமையை எழுத்தில் நிலைநாட்டுதல் மூன்றாவது. தப்பும் தாளமும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்; அவற்றை முழக்கிய கைகள் ஓயும் காலத்தில் சோறிட, முன்னரே எடுத்து வைத்த பொருள் வேண்டும்.