விற்க முடியாத வீடு

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் பேசினார். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, கொழும்பு வழியாக அந்நாட்டுக்குச் சென்றவர். டொரொண்டோவில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டை விற்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். கூரையைப் பழுதுபார்க்க வேண்டும், பீலிகளில் அடைத்துக் கிடக்கும் இலைகளை அகற்ற வேண்டும், சுவர்களுக்கு வெளிர் நிற வர்ணம் பூச வேண்டும் என்று தரகர் நீண்டதொரு பட்டியல் கொடுத்திருந்தாராம். விற்பதற்காகவாவது வீட்டைத் திருத்துகிறீர்களே என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்பா ஞாபகம் வந்திருச்சு அண்ணே. தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிப்பாரு. நாப்பது வருசம் அடிச்ச அந்தக் காம்பிராவ யாருக்கு வித்தாரு?"

விடை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய தந்தையார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, குடும்பத்தில் எவர் பெயரும் தோட்டத்துச் செக்ரோலில் இருக்கவில்லை. காம்பிராவை ஒப்படைக்குமாறு நிர்வாகம் சொன்னது. அவர் இஸ்தோப்பைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். தம் கைக்காசில் பின்புறம் கட்டியிருந்த அடுப்படிக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் ஞாயிறு இதழின் வரி விளம்பரங்களைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு நகரின் நாடித்துடிப்பை அரசியல் செய்தியைவிட அவ்விளம்பரங்களே நன்கு காட்டும் என்பது என் எண்ணம். வெள்ளவத்தையில் வீடு, வத்தளையில் காணி, யாழ்ப்பாணத்தில் கிணற்றுடன் கூடிய நாற்சார் வீடு என்று அப்பக்கங்களில் பலவும் விற்பனைக்கு வந்தன. லயத்து வீடொன்று விற்பனைக்கு வந்ததாக ஒரு வரியையும் நான் கண்டதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் குடியிருந்த வீடுகள் ஏன் அப்பக்கத்திற்கு வரவேயில்லை என்ற கேள்வி அக்காலத்தில் எனக்கு எழாதது இன்று வெட்கத்தைத் தருகிறது.

லயத்தின் வரலாறு தேயிலைக்கும் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் பருவகாலக் கூலிகள். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவோருக்கு வீடு எதற்கு, கூரை போதும் என்பது அன்றைய கணக்கு. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் நிலைத்தனர். ஆனால் அவர்கள் தங்கிய கூரை மட்டும் தற்காலிகக் கூரையாகவே இருந்தது. 10 அடிக்கு 12 அடி அளவிலான ஓர் அறை, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, மேலே தகரம். அடுத்த குடும்பத்திற்கும் நமக்கும் இடையே ஒரு சுவர். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டியவாறு பின்புறத்திலும் ஒரு வரிசைக் குடும்பங்கள்.

அவ்வறை தொழிலோடு பிணைக்கப்பட்டது. பெயர் பதிவில் இருக்கும்வரை வீடு; பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவருக்கு வீடு கட்டிக்கொடுக்க எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாருக்குப் புறப்பட்ட குடும்பங்கள் மாட்டை விற்றன, பித்தளைப் பாத்திரங்களை விற்றன, கோழிகளை உறவினருக்குக் கொடுத்தன. வீட்டை மட்டும் விற்கவில்லை. விற்பதற்கு அது அவர்களுடையதாக இருக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் வேலை கொடுத்தது. அங்கும் வீடு வேலையோடு ஒட்டியே வந்தது.

இலங்கையில் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, குடியிருப்பு தொழிலாளிக்கு என்று மூன்று கைகளில் ஒரே வீடு. கூரை ஒழுகினால் யாரிடம் போவது? இதற்கிடையே இன்னொரு வினோதமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்ட எல்லைக்குள் பொதுப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அடுத்த கிராமத்துப் பாதையைத் திருத்தும் சபை, லயத்துக்குச் செல்லும் பாதையைத் திருத்த இயலாது. அத்தடை 2018இல்தான் சட்டத்திருத்தம் மூலம் நீங்கியது.

வீட்டுப் பராமரிப்பு என்பதை நாம் சோம்பல், சுறுசுறுப்பு சம்பந்தப்பட்ட விடயமாகவே எண்ணிக்கொள்கிறோம். அது உரிமை சம்பந்தப்பட்டது. நண்பர் டொரொண்டோவில் கூரைக்குச் செலவிடும் பணம் விலையில் அவருக்குத் திரும்பி வரும். லயத்தில் ஒரு சுவரை எழுப்ப நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எழுப்பிய பின் அது நிர்வாகத்தின் சுவர். அப்படியிருந்தும் அம்மக்கள் களிமண் பூசினார்கள், சாணம் மெழுகினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள் என்பதே வியப்புக்குரியது.

ஆனால் சுண்ணாம்பு சுவரைத்தான் காக்கும், மலையைக் காக்காது.

பெரகலையிலிருந்து வெல்லவாய செல்லும் பாதையில், தியலும நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வருவது கொஸ்லந்தை. அதற்கு மேலே மலைச்சரிவில் இருந்தது மீரியபெத்த. மலைச்சரிவுத் தோட்டங்களில் கான் வெட்டுவது வெறும் சில்லறை வேலையன்று. மழைநீர் கான் வழியே ஓடாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் மண்ணைப் பாரமாக்கி, அதன் பிடிப்பைத் தளர்த்தும். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

2014ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 22, புதன்கிழமை. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 29, புதன்கிழமை காலை, தொடர்மழையில் ஊறியிருந்த மலை சரிந்தது. பண்டிகை கொண்டாடிய லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர்; திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக அஞ்சப்பட்டது. பின்னர் அத்தொகை குறைந்தது. ஆயினும் மீட்கப்படாத உடல்களுக்கு அந்த மண்ணே மயானமாயிற்று.

அன்று ஒரு கேள்வி பரவலாக எழுந்தது: எச்சரித்தும் ஏன் போகவில்லை? கொழும்பில் என்னுடன் பணியாற்றியவர்களும் அதையே கேட்டார்கள். வெள்ளம் வரும் தெருவிலிருப்பவர் நட்டத்துக்காவது வீட்டை விற்று வேறிடம் போவார். மீரியபெத்த மக்களிடம் நட்டத்துக்கு விற்கவும் எதுவுமில்லை. வேலையை விட்டால்தான் வீட்டை விட முடியும். வேலையை விட்டால் உலை ஏறாது. 'போ' என்று சொன்னவர்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை.

தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றிலும் பிற தற்காலிக இடங்களிலும் காத்திருந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின், 2016இல், 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அக்காலம் முதல் மலையகத்தில் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்பது அரசின் கொள்கையாகவும் உருப்பெற்றது. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளையும், 2017இல் மேலும் 10,000 வீடுகளையும் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் வீடு எழும்பிய வேகத்தில் காணி உறுதி வரவில்லை என்பது பல குடும்பங்களின் அனுபவம். ஆயிரக்கணக்கானோர் இன்றும் லயங்களில்தான் இருக்கின்றனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிவு மீண்டும் லயங்களைத் தாக்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ மலைச்சரிவுகளை இறக்கிவிட்டுச் சென்றது.

மீரியபெத்தவிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டை விற்கும் உரிமை எதற்கு, விற்றுவிட்டுத் தெருவில் நிற்பார்கள் என்று அக்கறையோடு சொல்பவர்கள் உண்டு. விற்கக்கூடிய வீட்டை எல்லோரும் விற்றுவிடுவதில்லை. விற்கலாம் என்ற நிலைதான் கூரைக்குச் செலவு செய்யத் துணிவு தருகிறது. வங்கியில் கடன் கேட்கும் முகம் தருகிறது. மலை வெடித்தால் மூட்டை கட்டும் வழி தருகிறது.

நண்பர் மறுபடியும் அழைத்தார். வீடு விலைப்பட்டுவிட்டதாம். வாங்க வந்தவர் சுவரின் வர்ணத்தைப் பார்க்கும் முன்னரே பத்திரங்களைத்தான் கேட்டாராம். ஈழத்தமிழில் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்கிறோம். அசையாமல் நிற்பதற்கும் அதே சொல்தான். பதுளை மலைகளில் அந்த இரண்டு உறுதிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை 2014இல் ஒரு காலைப்பொழுது அளந்து காட்டியது.