துரும்பும் பாதிச் சொத்தும்

மணவிலக்கு மேலை நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பைப் புரட்டினால் அந்த எண்ணம் கலைந்துவிடும். மதுரைச் சீமையின் கள்ளர்களிடையே, சாதியார் முன்னிலையில் கணவன் மனைவிக்குத் துரும்பு கொடுத்தால் மணம் முறிந்தது என்று பொருள். மனைவியை விலக்க விரும்புபவன் தன் சொத்தில் பாதியை அவளுக்குத் தரவேண்டும். தானே விலகிச் செல்பவள் 42 கலிப்பணம் இழக்கவேண்டும். இந்த வழக்கம் எங்கும் நிலவியதன்று. ஆயினும் 'பாதி' என்ற அந்தச் சொல் நம் கவனத்திற்குரியது.

வெள்ளையர் சட்டம் வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கைவிடப்பட்ட மனைவிக்குப் பங்கு தரவில்லை, சோறு தந்தது. மாதத்திற்கு 50 ரூபாய் அதன் உச்சவரம்பு. 1973இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் வரம்பு 500 ரூபாய். 2001இல் வரம்பே நீக்கப்படும்வரை அந்த 500 ரூபாய் நகரவேயில்லை.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர் போன்ற ஊர்களை வைத்துப் பார்த்தால் சட்டங்களின் விசித்திரம் இன்னும் தெளிவாகும். 1792இல் திப்புவிடமிருந்து கும்பினியாருக்குக் கைமாறிய பாராமகால் பகுதி பின்னர் சேலம் மாவட்டமாகி, சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம் 1933இலேயே இந்துப் பெண்களின் சொத்துரிமைக்குத் தனிச்சட்டம் இயற்றிவிட்டது. சென்னை மாகாணம் 1949இல் இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமை வழங்கியது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணவிலக்கை நாடெங்கும் பொதுவாக்கியது. சாதி வழக்கப்படியான விலக்கையும் அது அழித்துவிடவில்லை. இருவரும் ஒப்பிப் பிரிவதற்கான 13-பி பிரிவு 1976இல் சேர்ந்தது.

ஆனால் இத்தனை சட்டங்களுக்குள்ளும் அந்தப் 'பாதி' திரும்பி வரவில்லை. ஜீவனாம்சம் உண்டு, சீதனம் மனைவிக்கே உரியது என்று 1985இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. கணவன் பெயரில் வாங்கிய வீடோ கணவனுடையதாகவே நிற்கிறது. நிலமும் மாடும் சொத்தாக இருந்த இந்த வட்டாரத்தில், ஓசூர்த் தொழிற்பேட்டைகள் வளர்ந்தபின் மாதச்சம்பளமும் பி.எஃப்.பும் வீட்டுக்கடனும் தவணையில் வாங்கிய மனையும் சொத்தாகின. ஒருவர் ஆலைக்குப் போய்வர, மற்றவர் சமைத்தும் பிள்ளைகளை வளர்த்தும் சேர்த்த சொத்து அது. அதில் இரண்டாமவரின் பங்கை எந்தப் பத்திரத்திலும் காண முடியாது.

சமரசப் பேச்சின் முக்கியத்துவம் இங்குதான் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தமிழ்நாடு சமரசத் தீர்வு மையம் தொடங்கியது. பின்னர் மாவட்டங்களுக்கும் இம்முறை பரவியது. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரிடமும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பேசுகிறார். அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது. நீதிமன்றம் சட்டத்தின் எல்லைக்குள் தொகை நிர்ணயிக்க, சமரச மேசையில் வீட்டையே எழுதிக்கொடுக்கலாம். கடனை யார் கட்டுவது, நகை எப்போது திரும்பும், பிள்ளைகளின் படிப்புச்செலவு யாருடையது என்றெல்லாம் முடிவுசெய்யலாம். முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதி உத்தரவின்போது மீதி என்று தொகையைப் பிரித்துக் கொடுப்பதும் வழக்கம்.

சட்டம் தராத பங்கைப் பேச்சு தரக்கூடும் என்பது உண்மை. அதே பேச்சு இருப்பதையும் பறித்துவிடக்கூடும் என்பதும் உண்மை. கணவனின் சம்பளம் எவ்வளவு, மனை எங்கே இருக்கிறது என்றே அறியாத பெண், 'வழக்கு முடிந்தால் போதும்' என்ற சலிப்பில் போடும் கையெழுத்து ஒப்புதலாகுமா? 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று விதித்தது. சமரசத்துக்கு உட்காருமுன் அந்தத் தாள்களைக் கேட்டுப் படிப்பதே முதற்கடமை.

2023இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மணவிலக்கு வழக்கல்லாத ஒரு சொத்து வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். தர்ஸ்டன் பதிவுசெய்த அந்தப் பழைய 'பாதி' ஒரு நூற்றாண்டுக்குப்பின் நீதிமன்ற மொழியில் மீண்டும் ஒலித்தது. அது சட்டமாகும்வரை, சமரச அறையில் அதைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கே அது கிடைக்கும்.