துப்பாக்கி பிடித்த கரத்தில் ஏடு

பருவத்தே பயிலாதவன் பின்னர்ப் பயில நினைப்பது பேதைமை என்பர் பழைமை விரும்பிகள். முப்பது வயதுக்காரன் கல்லூரி வாயிலில் நின்றால், “இனி உனக்கெதற்குப் படிப்பு?” என்று எள்ளி நகைப்பர். அந்த ஏளனத்துக்கு வரலாறு தந்த விடை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் அமெரிக்க நாட்டுப் படைவீரர்கள் எழுதிய விடை அது.

அவர்களுக்குக் கிட்டிய வாய்ப்பு கருணையால் மட்டும் பிறந்ததன்று. அச்சமும் அதை ஈன்றது. முதல் உலகப் போரில் பணியாற்றிய வீரர்கள், வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை உடனே வழங்கக் கோரி 1932-இல் வாஷிங்டனில் திரண்டனர். பணம் வரவில்லை, பட்டாளம் வந்தது! கண்ணீர்ப் புகை சூழ்ந்தது. அவர்தம் குடிசைகள் தீக்கிரையாயின. இரண்டாம் போரிலோ பணியாற்றியோர் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர். அத்தனை பேரும் வேலையின்றித் தெருவில் நின்றால்? ஆள்வோர் சிந்தித்தனர். 1944 ஜூன் 22 அன்று ‘ஜி.ஐ. சட்டம்’ எனும் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விச் செலவு. வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 50 டாலர். குடும்பம் உடையவர்க்கு 75 டாலர். ஆனால் அதிலும் வயது குறுக்கிட்டது. படையில் சேர்ந்தபோது 25 வயதைக் கடந்திருந்தவர், போரினால் தம் படிப்புத் தடைப்பட்டதென மெய்ப்பிக்க வேண்டுமாம்! 1945-இல் வந்த திருத்தம் அந்தத் தளையை அறுத்தெறிந்தது.

அறிஞர் பெருமக்கள் வரவேற்றனரா? சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், கல்விக்கூடங்கள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று எச்சரித்தார். ஹார்வர்டின் கோனன்டும் தரம் தாழும் எனக் கவன்றார். நடந்தது என்ன? 1947-இல் கல்லூரி மாணவருள் ஏறத்தாழ பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். மனைவி மக்களோடு தகரக் கொட்டகைகளில் குடியிருந்து படித்தனர். இளையோருக்கு இணையாகவும் மேலாகவும் தேறினர். கோனன்டே பின்னர் அவர்களைப் பாராட்டினார். 1956-க்குள் 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவருள் 22 இலட்சம் பேர் கல்லூரி கண்டவர்கள். உழவன் மகன் பொறியாளரானான். சுரங்கத் தொழிலாளி ஆசிரியரானான். தரம் தாழவில்லை, தாழ்த்தப்பட்டவன் உயர்ந்தான்!

எனினும், எல்லோரும் உயர்ந்தனரா? இங்கேதான் வரலாறு தலைகுனிகிறது. சட்டத்தின் ஏட்டில் நிறம் இல்லை. நடைமுறைப்படுத்திய கைகளில் இருந்தது. தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரனுக்குக் கதவடைத்தன. அவனுக்கென இருந்த சில கல்லூரிகளோ இடமின்றித் திணறின.

மெட்கர் எவர்ஸ் என்பார் பிரான்சு நாட்டுப் போர்முனையில் பணியாற்றித் திரும்பியவர். 1948-இல் ஆல்கார்ன் கல்லூரியில் சேர்ந்து 1952-இல் பட்டம் பெற்றார், காப்பீட்டு முகவரானார். வழக்குரைஞராக விழைந்து, 1954-இல், தம் 28-ஆம் வயதில், மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். மறுத்தனர்! நாட்டுக்காகச் சாகலாம், நாட்டில் படிக்கக் கூடாதா? எவர்ஸ் ஓயவில்லை. ஒன்பதாண்டுகள் விமானப்படையில் பணிபுரிந்த ஜேம்ஸ் மெரிடித் அதே பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியபோது துணைநின்றார். 1962 அக்டோபர் 1 அன்று, இரண்டு உயிர்களைப் பலிகொண்ட கலவரத்துக்குப்பின், கூட்டரசுப் படைகளின் காவலில் மெரிடித் உள்ளே நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 29. அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று எவர்ஸ் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மெரிடித் பட்டம் பெற்றார்.

நண்பர்களே! வயது அறிவுக்கு வேலியன்று என்பதை 22 இலட்சம் பேர் மெய்ப்பித்தனர். வேலி எது என்பதை எவர்சின் குருதி எழுதிக் காட்டிற்று. காலம் கடந்து கற்க வருபவனைக் கண்டு, “ஏன் இப்போது வந்தாய்?” என்று கேட்பது எளிது. “இதுவரை உன்னை வரவிடாமல் தடுத்தது யார்?” என்று கேட்பதே பகுத்தறிவு.