கீழ்ப்படிதலின் எல்லை: கமுதியும் மதுரையும்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைமையேற்ற சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திய வ.உ.சிதம்பரனாருக்கு 1908 ஜூலையில் ஆங்கிலேய நீதிமன்றம் கொடுந்தண்டனை விதித்தது. அதே ஆண்டில், திருச்சுழியை அடுத்த கமுதியின் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புரைத்தது. முன்னதை விடுதலை வரலாறாகவும் பின்னதைச் சாதி வழக்காகவும் படிப்பது நம் பழக்கம். பின்னதும் அரசுக்குக் கீழ்ப்படிவதன் எல்லையைக் குறித்த வழக்கே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்து, சாமிக்கு மாலை சார்த்தி வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். விவேகானந்தரின் 1893 சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற அதே பாஸ்கர சேதுபதிதான் அவர். கீழ் நீதிமன்றம் முதல் பிரிவி கவுன்சில் வரை எல்லாம் நாடார்களை உள்ளே விடாத பழைய வழக்கத்தின் பக்கமே நின்றன.

சமயத்தில் தலையிடுவதில்லை என்பது ஆங்கிலேய அரசின் கொள்கை. ஆனால் வழக்கத்துக்கு நீதிமன்ற முத்திரை விழுந்தபின், கோயில் கதவைச் சாத்தியது ஊரார் கை மட்டுமன்று, அரசின் கையும்தான். அங்கே பக்தனின் கீழ்ப்படியும் கடமை முடிந்துவிடுகிறது. இந்த எல்லைக்கோட்டை நாம் அயலாரிடம் கற்கவில்லை. பல்லவ மன்னனின் ஆணைக்கு உடன்படாத அப்பர் ஒளியவுமில்லை, படை திரட்டவுமில்லை. நீற்றறையையும் நஞ்சையும் ஏற்றார் என்கிறது பெரியபுராணம். வெளிப்படையாக மீறுவது, விளைவைத் தானே சுமப்பது என்ற இரண்டும் அங்கேயே இருக்கின்றன.

கமுதியில் இவ்விரண்டும் இருந்தன. குறை வேறிடத்தில். நீதிமன்றம் வழக்கத்தையும் குலத்தையும் மட்டுமே காதுகொடுத்துக் கேட்டது. ஆகவே நாடார்கள் தம்மைச் சத்திரியர் என நிறுவ முயன்றனர். காலால் மீறிய படிநிலையை நாவால் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பழி அவர்களுடையதன்று, வேறு மொழி அவர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை.

1939 ஜூலை 8 அன்று அந்த மொழி மாறியது. அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஆதிதிராவிடர் ஐவரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றனர். யாரும் உயர்குலம் என்று வாதிடவில்லை; தாயின் சந்நிதி என்பதே போதுமாயிற்று. ராஜாஜியின் அரசே ஆதரித்ததால் இது சட்டமறுப்பாகாது எனச் சிலர் கூறலாம். ஆனால் சில நாள்களில் அவ்வரசு, நுழைந்தவர்களையும் துணைநின்ற அலுவலர்களையும் காக்க அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியிருந்தது. அன்றிருந்த சட்டப்படி ஆபத்தே இல்லையென்றால் காப்பு எதற்கு?

நம்பிக்கையின் பெயரால் எழும் மீறல்களைக் கமுதிக்கும் மதுரைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக்கொண்டே எடைபோடலாம். வெளிப்படையும் தியாகமும் வேண்டும். அவை மட்டும் போதா; இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். எனக்குத் திறக்கும் கதவு எனக்குப் பின் நிற்பவருக்கும் திறந்திருக்குமா? 1947இன் கோயில் நுழைவுச் சட்டமும் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவும் இக்கேள்விக்கு ஆம் என்றன. கமுதியில் மாலை சார்த்திய கைகளுக்கு 1908இல் கிடைக்காத விடை அது.