வரப்பு ஊமத்தையும் வயிற்றுவலி மாத்திரையும்

மூணு நாள் மழைக்கு அப்புறம் மல்லாட்டைக் கொல்லை வரப்பைச் சுத்தம் பண்ணப் போனேன். நகரத்து நண்பர்களுக்காகச் சொல்றேன், மல்லாட்டைன்னா வேர்க்கடலை. வரப்பு முனையில இடுப்பு உயரத்துக்கு ஒரு ஊமத்தைச் செடி நின்னுது. புனல் மாதிரி நீண்ட வெள்ளைப் பூ, முள்ளு முள்ளா உருண்டைக் காய். மண்வெட்டியை ஓங்கிட்டு அப்படியே நின்னுட்டேன். இந்தச் செடிக்குள்ள இருக்கற சரக்கின் உறவுக்காரன் ஒருத்தன்தான் போன வருஷம் என் அப்பாவை ஆஸ்பத்திரியில படுக்க வச்சான். அதே சரக்குதான் பல வருஷத்துக்கு முன்னாடி என் சித்தப்பாவைச் சாவுல இருந்து இழுத்துக்கிட்டு வந்தது.

முதல்ல அப்பா கதை. அவருக்கு எழுபதைத் தாண்டிய வயசு. ஒருநாள் காலையில வயிற்றை முறுக்கிப் பிடிக்குதுன்னு சுருண்டு படுத்துட்டார். நான் பைக்கை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போய், "வயித்துவலிக்கு மாத்திரை கொடுங்க"ன்னு கேட்டு வாங்கி வந்தேன். யாருக்கு, என்ன வயசுன்னு அவரும் கேட்கல, நானும் சொல்லல. சாயங்காலத்துக்குள்ள மூணு மாத்திரை கொடுத்தேன். முறுக்கல் நின்னுபோச்சு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு, "டேய், ஒண்ணுக்கே வரலடா, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு"ன்னார். திண்டிவனத்துல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டியூப் போட்டு எடுத்ததுல ஒரு லிட்டருக்கு மேல வந்தது.

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "ஐயாவுக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் இருக்கு. இந்த மாத்திரை குடலை மட்டும் தளர்த்தாது தம்பி, மூத்திரப்பையையும் தளர்த்திடும். வீங்கின வழியைத் தாண்டித் தள்ள அதுக்குப் பலம் இல்லாமப் போச்சு."

அட்டையில ஹயோசின் பியூட்டைல்புரோமைடுன்னு போட்டிருந்தது. அது எங்கிருந்து வருதுன்னு தேடிப் படிக்கப் போய்த்தான் என் வரப்புலயே வந்து நின்னேன்.

ஊமத்தையில ஹயோசின், ஹயோசயமின், அட்ரோபின்னு சில ஆல்கலாய்டுகள் இருக்கு. இலை, பூ, வேர், விதை எல்லாத்துலயும் இருக்கு. நம்ம நரம்பு ஒரு தசையைப் பார்த்து 'இறுக்கு'ன்னு சொல்லணும்னா அசிடைல்கோலின்ங்கற ரசாயனத்தைத் தூதா அனுப்பும். ஊமத்தைச் சரக்கு முன்னாடியே போய்த் தூதன் உட்காரவேண்டிய நாற்காலியில உட்கார்ந்துக்கும். அதனால முறுக்கின குடல் தளரும். ஆனா அதே நாற்காலி எச்சில் சுரப்பியிலயும், வியர்வைச் சுரப்பியிலயும், கண்பாப்பாவிலயும், மூத்திரப்பையிலயும், இதயத்துலயும் இருக்கு. வாய் காயறது, பார்வை மங்கறது, நெஞ்சு படபடக்கறது, வியர்வை நிக்கறது, மலம் கட்டறது எல்லாம் பக்கவிளைவுன்னு தனியா வர்றது இல்ல. வலி நிக்கறதும் அதுவும் ஒரே வேலைதான்.

சரக்கு மூளைக்குள்ள போயிட்டா புத்தி தடுமாறும். ஊமத்தைங்கற பேரே 'உன்மத்தம்', அதாவது பித்துங்கற சொல்லோட சேர்ந்தது. மத்தம்னாலும் இந்தப் பூதான். சிவனுக்குச் சூட்டற பூ. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்லதான் சுந்தரர் கதை நடக்குது. கல்யாணத்தன்னிக்கு ஓலையோட வந்து வழக்காடின கிழவரைப் 'பித்தன்'னு திட்டினார் சுந்தரர். வந்தது யாருன்னு தெரிஞ்ச பிறகு, திட்டின சொல்லாலயே பாடத் தொடங்குன்னு சாமி சொன்னதாகக் கதை. பித்தனுக்குப் பித்துப் பூ. இந்தச் செடி என்ன பண்ணும்னு நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப நாளா தெரியும்.

எங்க ஆயாவுக்கும் தெரிஞ்சிருந்தது. ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், துருசு போட்டுக் காய்ச்சற மத்தன் தைலத்தைப் புண்ணுக்குத் தடவ வச்சிருக்கும். ஒரு சொட்டு உள்ளுக்குக் கிடையாது. நாங்க காயை உடைச்சு விளையாடினா தொடையில கிள்ளு விழும். ஊமத்தை விதை பார்க்க மிளகாய் விதை மாதிரியே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல வழிப்போக்கருக்குச் சோத்துல இதைக் கலந்து கொடுத்து, மயங்கினதும் கொள்ளையடிச்ச கூட்டங்கள் இருந்தாங்க. இன்னைக்கும் நம்ம நாட்டுத் தடயவியல் மருத்துவப் பாடத்துல இந்த இரண்டு விதையையும் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்கொடுக்கறாங்க.

இந்தச் செடி வெள்ளைக்காரன் மருந்துப் பெட்டிக்குள்ள போனதுல மெட்ராஸுக்கும் பங்கு உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்துல மெட்ராஸ்ல தலைமை மருத்துவரா இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்த அதே ஆண்டர்சன்தான். ஊமத்தை இனத்துச் செடியின் வேரையும் அடித்தண்டையும் காய வச்சுப் புகை பிடிச்சா இளைப்பு தணியும்னு ஜென்ட்ங்கற தளபதிக்குச் சொல்லியிருக்கார். 1802ல ஜென்ட் அந்தச் சரக்கை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் சிம்ஸ்ங்கற டாக்டர்கிட்ட கொடுத்தார். பிறகு அங்கேயே விளையற ஊமத்தையைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் மருந்துக்கடையில ஆஸ்துமா சிகரெட்டுன்னு வித்தாங்க. குடல் முறுக்கலும் மூச்சுக்குழாய் இறுக்கமும் தசை சமாச்சாரம்தானே. இரண்டையும் இது தளர்த்தும்.

ஆனா அளவுதான் வம்பு. ஒரே வரப்புல நிக்கற இரண்டு செடியில சரக்கு ஒரே அளவு இருக்காது. இலைக்கு ஒண்ணு, விதைக்கு ஒண்ணு, பருவத்துக்கு ஒண்ணுன்னு மாறும். ஒருத்தரைக் குணமாக்கின கைப்பிடி இன்னொருத்தரைக் கொல்லும். செடியில இருந்து சரக்கைப் பிரிச்செடுத்தப்போதான் இதுக்கு வழி பிறந்தது. 1831ல மைன்ங்கற ஜெர்மன் மருந்தாளர் பெல்லடோனா வேர்ல இருந்து அட்ரோபினைப் பிரிச்சார். 1880ல லாடன்பர்க் ஹயோசினைப் பிரிச்சார். 1951ல போரிங்கர் இன்கல்ஹைம் கம்பெனி ஹயோசினைக் கொஞ்சம் மாத்தியமைச்சு பஸ்கோபான்னு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படி மாத்தினதால அது மூளைக்குள்ள சுலபமா நுழையாது. அதனால பித்துப் பயம் பெரும்பாலும் போச்சு. இதுக்கு ஹயோசின் கொடுக்கற முக்கியமான செடி டுபாய்சியா, ஆஸ்திரேலியாவுல பயிர் பண்றாங்க. ஊமத்தை, கத்தரி, மிளகாய் எல்லாம் இருக்கற அதே குடும்பம்.

ஆக, மூளைக்குப் பூட்டு போட்டாச்சு. மூத்திரப்பைக்குப் போடல. அங்கதான் நான் மாட்டினேன்.

இப்ப சித்தப்பா கதை. எங்க பக்கம் பூச்சிக்கொல்லியையும் 'மருந்து'ன்னுதான் சொல்வோம். கத்தரிக்கு மருந்து அடிக்கப் போனவர் காத்துக்கு எதிரா நின்னு அடிச்சிட்டார், முகத்துல துணி இல்ல. வாயில நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிப்போச்சு. மோனோகுரோட்டோபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் விஷம் ஏறினா, அந்தத் தூது ரசாயனம் அழியாம உடம்புல குவிஞ்சிடும். நுரையீரல்ல நீர் சுரந்து மூச்சு முட்டும். அதுக்கு மாற்று அட்ரோபின்.

விழுப்புரத்துல ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க ஊசி போட்டாங்க. நர்சம்மா கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அக்குளைத் தொட்டுப் பார்ப்பாங்க, ஈரம் இருக்கா காய்ஞ்சிடுச்சான்னு. நாடி பார்ப்பாங்க, டார்ச் அடிச்சுக் கண் பார்ப்பாங்க. விடியறதுக்குள்ள அக்குள் காய்ஞ்சது, மூச்சு சீராச்சு. அப்புறம் சித்தப்பா போர்வையில இல்லாத எதையோ பொறுக்கிக்கிட்டு, ஏர் ஓட்டற மாட்டை அதட்ட ஆரம்பிச்சார். சித்தி அழுதுட்டாங்க. "பயப்படாதீங்கம்மா, மருந்து கொஞ்சம் கூடிருக்கு, குறைச்சா தெளிஞ்சிடுவார்"ன்னு டாக்டர் சொன்னார். மறுநாள் தெளிஞ்சுட்டார். அன்னைக்கு நான் பார்த்தது திருவெண்ணெய்நல்லூர்ப் பித்துன்னு இப்பத்தான் புரியுது.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன். வயித்துவலி மாத்திரை வாங்கும்போது யாருக்குன்னு அவங்க கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க. புராஸ்டேட் வீக்கம், கிளாகோமான்னு சொல்ற கண் அழுத்த நோய், இதயப் படபடப்பு, குடல் அடைப்பு, மயஸ்தீனியா இதுல எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காம போடக் கூடாது. மெடிக்கல்ல சகஜமாக் கிடைக்கற டைசைக்ளோமின் ஆய்வுக்கூடத்துச் சரக்கு, ஆனா வேலை இதேதான். ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. சளி, அரிப்புக்குப் போடற சில தூக்க மாத்திரைகளும் இதே நாற்காலிக்குப் போட்டி போடும், இரண்டும் சேர்ந்தா விளைவு கூடும். அக்னி நட்சத்திரத்துல இதைப் போட்டுக்கிட்டு வெயில்ல வேலைக்குப் போகாதீங்க, வேர்க்காத உடம்பு கொதிச்சிடும். வலியோட காய்ச்சல், ஓயாத வாந்தி, ரத்தம் இருந்தாலோ, வலி விடாம நீடிச்சாலோ நேரா ஆஸ்பத்திரி. குடல்வால் வீக்கத்தை மாத்திரையால மூடி வைக்க முடியாது.

அப்பா இப்ப நல்லா இருக்கார். வயித்தைப் பிடிச்சா, "முதல்ல அந்த டாக்டருக்குப் போன் போடு"ங்கறார்.

வரப்பு ஊமத்தையை வெட்டிட்டேன். பேரன் பேத்திங்க லீவுக்கு வருது, காயை உடைச்சு விளையாடும்ங்கற பயம்தான். காயெல்லாம் முத்தி வெடிச்சுக் கிடந்தது. அடுத்த மழைக்கு எப்படியும் முளைச்சிடும்.