உள்வரும் இணைப்பு ஆய்வு

ஓர் இணையத்தளத்தை வேறு எந்தெந்தத் தளங்கள் சுட்டுகின்றன, என்ன சொற்களால் சுட்டுகின்றன, அந்த இணைப்புகள் எப்போது வந்தன, இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று திரட்டி ஆராய்வது உள்வரும் இணைப்பு ஆய்வு. தேடுபொறி உகப்பாக்கத் (எஸ்இஓ) தொழிலில் இருப்போர் இதைப் பேக்லிங்க் ஆய்வு என்பர். ஒரு பக்கத்தைப் பிறர் சுட்டுவதை அதன் தகுதிக்குச் சாட்சியாகத் தேடுபொறிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கியபோது இந்த ஆய்வும் பிறந்தது. வணிக நிறுவனங்கள் இதைப் போட்டியாளரை நோட்டமிடப் பயன்படுத்துகின்றன. யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனை போன்ற ஓர் ஊரின் பெயரில், உலகெங்கும் சிதறிய மக்கள் நடத்தும் தளத்துக்கு இதன் பயன் வேறு வகையானது.

டிம் பேர்னர்ஸ்-லீ வடிவமைத்த வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. நாரந்தனையில் இருக்கும் ஒருவர் கொழும்பு நாளிதழின் பக்கம் ஒன்றுக்கு இணைப்புக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த நாளிதழுக்குத் தகவலும் போகாது. டெட் நெல்சன் 1960களில் தொடங்கிய ஸானடு திட்டத்தில் இணைப்பு இரு முனையிலும் தெரிய வேண்டும் என்ற விதி இருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஒருவழி இணைப்பு எளிதாக இருந்ததால்தான் வலை இத்தனை விரைவாகப் பரவியது. அதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு: தன்னை யார் சுட்டுகிறார்கள் என்பதை எந்தப் பக்கமும் தானாக அறியாது. அதை அறிய, வலை முழுவதையும் ஒருவர் படித்துத் தலைகீழாக அடுக்க வேண்டும். இந்த ஆய்வின் வரலாறு முழுவதும் அந்தத் தலைகீழ் அடுக்கலின் வரலாறுதான்.

முன்னோடிகள்

கணினிக்கு வெகு முன்பே இந்தச் சிந்தனை உருவாகிவிட்டது. அமெரிக்காவில் 1873இல் வெளிவரத் தொடங்கிய ஷெப்பர்ட் மேற்கோள் பட்டியல், ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் பிந்திய தீர்ப்புகளில் எவை எடுத்தாண்டன என்று வழக்கறிஞர்களுக்குக் காட்டியது. அதை மாதிரியாகக் கொண்டு யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் 'சயன்ஸ்' இதழில் அறிவியல் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை தேவை என்று எழுதினார்; 1964 முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணை முறையாக வெளிவந்தது. நூல்களையும் அவற்றின் பயன்பாட்டையும் எண்களால் அளக்கலாம் என்ற கருத்தை, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1948இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் முன்வைத்திருந்தார். தேடுபொறி வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை அரிதாகவே சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய பெயர் அது. எல்லா மேற்கோளும் ஒரே எடை கொண்டதல்ல, எடை மிகுந்த இதழ் எடுத்தாள்வதற்கு எடை அதிகம் என்ற அடுத்த படியைப் பின்ஸ்கியும் நரினும் 1976இல் கணக்காக்கினர்.

தேடுபொறிக்குள்

1995 டிசம்பரில் வந்த அல்டாவிஸ்டா தேடுபொறியில், ஒரு முகவரியைச் சுட்டும் பக்கங்களைத் தனிக் கட்டளையால் தேட முடிந்தது. 1996இல் ராபின் லீ இணைப்புகளை வைத்து முடிவுகளை வரிசைப்படுத்தும் ராங்க்டெக்ஸ் என்ற முறையை உருவாக்கினார். பின்னாளில் பைடுவை நிறுவியவர் இவரே. அதே ஆண்டு ஸ்டான்போர்டில் லாரி பேஜ் தொடங்கிய திட்டத்தின் பெயரே பேக்ரப். பக்கங்களைச் சுட்டுவோர் யார் என்று பின்னோக்கித் தேடுவதுதான் அதன் முதல் நோக்கம். செர்கி பிரின் சேர்ந்தபின் அதிலிருந்து பேஜ்ராங்க் என்ற கணக்கு முறை பிறந்தது. ஒரு பக்கம் தன் எடையைத் தான் சுட்டும் பக்கங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். பெற்ற பக்கங்கள் தம் பங்குக்கு அதைக் கடத்தும். படிப்பவர் எப்போதும் இணைப்பின் வழியே போவதில்லை என்பதால் 0.85 என்ற குறைப்பு எண்ணையும் கணக்கில் சேர்த்தனர். 1998 ஜனவரியில் விண்ணப்பித்த காப்புரிமை 2001 செப்டெம்பரில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் கிடைத்தது.

அதே காலத்தில் ஜோன் கிளெயின்பெர்க் வேறொரு வழி கண்டார். நல்ல பக்கங்களைத் தொகுத்துக் காட்டும் பக்கம் ஒரு வகை, அப்படிப் பலராலும் காட்டப்படும் பக்கம் இன்னொரு வகை. ஒன்று மற்றதன் தகுதியை உயர்த்தும். ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகத்தில் இந்த வழியில் உழைத்தவர்களில் சென்னை ஐஐடியில் படித்த பிரபாகர் ராகவனும் ஒருவர். பின்னர் கூகுளின் தேடல் பிரிவுக்கே பொறுப்பேற்றார். இன்னொரு சென்னை ஐஐடி மாணவரான கிருஷ்ண பரத், மோனிகா ஹென்ஸிங்கருடன் சேர்ந்து 1998இல் ஒரு பலவீனத்தைச் சுட்டினார்: ஒரே தளத்தின் நூறு பக்கங்கள் இன்னொரு பக்கத்தைச் சுட்டினால் அது நூறு பேர் சொன்ன சாட்சியம் ஆகாது, ஒருவர் நூறு முறை சொன்னதே ஆகும். எடையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள் இருவரும். இன்று எந்த ஆய்வறிக்கையிலும் இணைப்புகளின் எண்ணிக்கை ஒன்றாகவும் சுட்டும் தளங்களின் எண்ணிக்கை வேறாகவும் தரப்படுவதற்கு இதுதான் நியாயம்.

தமிழ் வலைப்பதிவர்களுக்கு இது நேரடி அனுபவம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் கருவிப்பட்டையைப் பதிவர்கள் தங்கள் வார்ப்புருவில் ஒட்டிவைத்தார்கள். ஐந்நூறு இடுகை எழுதிய ஒருவருடைய வலைப்பதிவிலிருந்து ஐந்நூறு இணைப்புகள் தமிழ்மணத்துக்குப் போயின. சுட்டிய தளமோ ஒன்றுதான்.

வாங்கலும் விற்றலும்

2000 டிசம்பரில் கூகுள் தன் கருவிப்பட்டையில் ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ராங்கையும் பத்துக்கு இத்தனை என்று காட்டத் தொடங்கியது. பெருந்தவறு அது என்றே சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த எண்ணுக்கு விலை வந்தது, இணைப்புச் சந்தை உருவானது, வலைப்பதிவுகளின் பின்னூட்டப் பெட்டிகள் குப்பையால் நிரம்பின. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை அறிமுகப்படுத்தின. கூகுளின் கணக்கில் 2019 வரை அந்தக் குறியுள்ள இணைப்பு எடையைக் கடத்தவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள் 2007 முதல் அந்தக் குறியுடனேயே வருகின்றன. 2012 ஏப்ரல் 24இல் வந்த கூகுளின் பென்குயின் திருத்தம், விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில், வேண்டாத இணைப்புகளைத் தள உரிமையாளரே கைவிட்டு அறிவிக்கும் கருவி வந்தது. அதுவரை இணைப்பு சேர்க்க ஆய்வு செய்தவர்கள் அன்றுமுதல் இணைப்பை உதறவும் ஆய்வு செய்தார்கள். கருவிப்பட்டை எண் 2016இல் முற்றாக நீக்கப்பட்டது.

இணைப்புப் பட்டியலைப் பார்க்க வெளியார் பயன்படுத்திய இலவச வாயில்கள் ஒவ்வொன்றாக மூடின. யாகூவின் சைட் எக்ஸ்புளோரர் 2011 நவம்பரில் நின்றது. அந்த இடத்தை, சொந்தமாக வலையைப் படித்து அட்டவணை செய்யும் நிறுவனங்கள் பிடித்தன: பிரித்தானியாவின் மெஜஸ்டிக், அமெரிக்காவின் மொஸ், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏரெஃப்ஸ். ஒவ்வொன்றும் நூற்றுக்கு இத்தனை என்று தளங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. அவை அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. கூகுளின் வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. ஒரே தளத்துக்கு மூன்று கருவிகள் மூன்று பட்டியல் தருவதும் பிழையல்ல. மூன்றும் வலையின் வெவ்வேறு பகுதிகளைப் படித்திருக்கின்றன. உரிமையாளராக உறுதிசெய்துகொண்டவருக்குக் கூகுளின் சேர்ச் கன்சோல் இலவசமாகவே ஒரு மாதிரிப் பட்டியல் தருகிறது. சிறிய தளத்துக்கு அதுவே போதும்.

தீவகத்து ஊர்களின் தளங்கள்

நாரந்தனை வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகப் பிரிவில், கரம்பொன், சுருவில், புளியங்கூடல், சரவணை ஆகியவற்றை அயலாகக் கொண்ட ஊர். 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை வெறுமையாக்கியது. மக்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும், பிறகு கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி, நோர்வே என்றும் போனார்கள். தீவக ஊர்களின் பெயரில் இணையத்தளங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் எழுந்தன. கோயில் கொடியேற்றம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், மரண அறிவித்தல் ஆகியவையே அவற்றின் உயிர். இத்தகைய தளங்களுக்கு வரும் இணைப்புகள் அயலூர்த் தளங்களிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் உறவினரின் வலைப்பதிவுகளிலிருந்தும் வருகின்றன. எண்ணிக்கை சிறிது. ஆனால் விலைக்கு வாங்கியது அதில் ஒன்றுகூட இருக்கத் தேவையில்லை. பென்குயின் திருத்தம் வேண்டிநின்ற இணைப்பு இதுதான்.

இவற்றை ஆராய்வதில் மூன்று தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது எழுத்துரு. யாழ்ப்பாணத்தவரிடையே பரவியிருந்த பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைத்த பக்கத்தில் 'நாரந்தனை' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தேடுபொறி இணைப்பை எண்ணியது. இணைப்பைத் தாங்கிய சொல்லை அதனால் படிக்க முடியவில்லை. ஒருங்குறி பரவும்வரை எழுதப்பட்ட இணைப்புகளின் சொற்கள், தேடலைப் பொறுத்தமட்டில், வீணாயின.

இரண்டாவது, பெயர். ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கயிட்ஸ். வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நயினாதீவு சிங்களத்தில் நாகதீபம். நெடுந்தீவைச் சுட்டும் ஆங்கில இணைப்பு டெல்ஃப்ட் என்ற சொல்லைத் தாங்கியிருக்கும். அதே பெயரில் நெதர்லாந்தில் ஒரு நகரமும், 1842இல் தோன்றிய புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையமும் உள்ளன. உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்தக் கல்வி நிலையத்தைச் சுட்டும்போது, நெடுந்தீவைப் பற்றி எழுதிய ஒரு தீவகத் தளம் அந்தச் சொல்லுக்கு முன்னே வர வழியில்லை. இணைப்பின் எண்ணிக்கை உண்மையின் அளவுகோல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். தீவகத் தளத்தை ஆராய்பவர் இந்த எல்லாப் பெயர்களையும், நாரந்தனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்து வேறுபாடுகளையும் ஒரே குடையின் கீழ் திரட்ட வேண்டும்.

மூன்றாவதும் கொடியதும் முகவரி மறைவு. பலர் தனிப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அவற்றைச் சுட்டிய இணைப்புகள் எல்லாம் வெற்றிடத்தைச் சுட்டின. 2012இல் பிளாக்ஸ்பாட் தளங்கள் நாட்டுக்கு நாடு வேறு முகவரியில் தெரியத் தொடங்கின. இந்தியாவிலிருந்து படித்தவர்கள் உலாவியில் கண்ட 'டாட் இன்' முகவரியையே நகலெடுத்துத் தம் பதிவுகளில் ஒட்டினார்கள். 2020இல் கூகுள் புதுப்பிக்காமல் விட்ட அந்த பிளாக்ஸ்பாட்.இன் பெயர் வேறொருவர் கைக்குப் போனது. இடுகைகள் 'டாட் காம்' முகவரியில் அப்படியே இருக்க, அவற்றுக்கான எத்தனையோ தமிழ் இணைப்புகள் ஒரே நாளில் அறுந்தன.

ஊர்த்தளத்தின் பெயர் காலாவதியானால் நடப்பது இன்னும் மோசம். அந்தப் பெயரை நோக்கிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள் இருக்கின்றன என்பதற்காகவே அதை வாங்குவோர் உண்டு. அவர்கள் கையிலும் இதே ஆய்வுக் கருவிகள்தான். வாங்கிய முகவரியில் சூதாட்டமோ கடன் விளம்பரமோ ஏறும். இறந்தவர்களின் படங்களும் பாடசாலை நினைவுகளும் இருந்த இடத்துக்குப் பழைய நம்பிக்கையில் சொடுக்கி வருபவர் அங்கே போய் நிற்பார். 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தன் விதிமீறல்களின் பட்டியலில் தனியாகச் சேர்த்தது. முன்னாள் தொடக்கப்பள்ளி ஒன்றின் முகவரியில் சூதாட்டப் பக்கம் வைப்பதையே அங்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே சிறிய ஊரின் தளத்துக்கு இந்த ஆய்வின் முதற்பணி புதிய இணைப்பு தேடுவதன்று, உள்ளதைக் காப்பதே. பட்டியலை எடுத்து, இல்லாத பக்கங்களைச் சுட்டும் இணைப்புகளைக் கண்டு, அந்தப் பழைய முகவரிகளிலிருந்து புதிய இடத்துக்கு 301 என்னும் நிரந்தர வழிமாற்று வைக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்க் கட்டுரையின் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலைப் பார்த்தால், அயலூர்க் கட்டுரைகளில் எங்கே தொடுப்பு விடுபட்டிருக்கிறது என்றும் தெரியவரும். ஊரின் பெயரில் தளம் நடத்துகிறவர்கள் முகவரியைத் தனி ஒருவரின் பெயரில் விடாமல் சங்கத்தின் பெயரில் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பொறுப்பை இருவரிடமாவது ஒப்படைக்க வேண்டும். தளத்தை நிறுத்தத்தான் வேண்டுமென்றால், பக்கங்களை இணைய ஆவணகத்திலும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்திலும் சேர்ப்பித்த பிறகு நிறுத்துங்கள்.