கோழி வரியும் புல்லி வண்டியின் டேங்க்கும்

கலவை மெஷின் இருப்பது சிமென்ட் கலக்க. ஜெர்மனியில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதற்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார்கள். வண்டியிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்க்குக்குள் இரண்டு கை நட்டு, போல்ட்டுகளைப் போட்டு, வாயை இறுக அடைத்து, பழைய போர்வையில் சுற்றி, மெஷினின் உருளையோடு கட்டிச் சில மணி நேரம் ஓடவிடுவார்கள். தெருவே அதிரும். அவிழ்த்துக் கவிழ்த்தால் மிளகாய்த்தூள் நிறத்தில் துரு கொட்டும். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கை இறக்கி, அறையை இருட்டாக்கிப் பார்ப்பார்கள். தகட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சமும் தெரியாவிட்டால் டேங்க் பிழைத்தது. ஏழெட்டு இடத்தில் தெரிந்தால் தேடல் தொடங்கிவிடும்.

கட்டுப்படியாகும் விலையில் இன்னொரு டேங்க் எங்கே கிடைக்கும்? வண்டி எது என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த வண்டி பிறந்த கதையும் விற்ற கதையும் தெரிந்தால்தான் விலையின் காரணம் புரியும்.

‘புல்லி’ என்று ஜெர்மானியர்கள் செல்லமாகக் கூப்பிடும் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரையே எடுத்துக்கொள்ளலாம். டச்சு வியாபாரி பென் பொன் 1947 ஏப்ரலில் ஒரு நோட்டுத் தாளில் கிறுக்கிய படம்தான் அதன் விதை. 1950 மார்ச்சில் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. இன்ஜின் பின்னால், டேங்க்கும் ஸ்டெப்னியும் அதே அறையில். பெட்ரோல் ஊற்ற வேண்டுமென்றால் பின்பக்க இன்ஜின் கதவைத் திறக்க வேண்டும். மூடிய வேனுக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

ஆனால் நாடு முழுக்கக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் காய்கறிக்காரருக்கும் கூரையில்லாத, தட்டையான பலகை வண்டிதான் தேவைப்பட்டது. பின்னால் துருத்திக்கொண்டிருந்த இன்ஜின் அறையின் உயரத்தைக் குறைக்காமல் பலகையைத் தட்டையாக்க முடியாது. பொறியாளர்கள் டேங்க்கை இடம் மாற்றி கியர்பாக்ஸுக்கு மேலே ஒதுக்கினார்கள். ஸ்டெப்னியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். 1952 ஆகஸ்டில் ‘ப்ரிட்ஷென்வாகன்’ என்ற பிக்கப் வெளிவந்தது. மேலே 4.2 சதுர மீட்டர் சரக்குத் தளம். அதற்கு அடியில், பூட்டிவைக்கக்கூடிய ஒரு நிலவறை. ஆக, இந்த வண்டி பிக்கப் ஆனதே டேங்க் இடம் பெயர்ந்ததால்தான். மூடிய வேன்களுக்கு வெளிப்பக்கத்திலிருந்து பெட்ரோல் ஊற்றும் வசதி 1955-இல்தான் வந்து சேர்ந்தது.

டேங்க்கின் கொள்ளளவு 40 லிட்டர். பெட்ரோல் அளவு காட்டும் முள் தொடக்க காலத்தில் கிடையாது. இன்ஜின் இருமத் தொடங்கியதும் ரிசர்வ் குழாயைத் திருப்பிவிட்டு, அடுத்த பங்க் எங்கே என்று பார்க்க வேண்டியதுதான். பழைய ராஜ்தூத், புல்லட் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டேங்க் உள்ளே ஒதுங்கியிருப்பதால் குளிர்காலச் சாலை உப்பு அதை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. எதிரி உள்ளேதான் இருக்கிறது. பாதி நிரம்பிய டேங்க்கோடு வண்டி மாதக்கணக்கில் நின்றால், காலியான மேல்பகுதியில் ஈரம் வியர்த்து அடியில் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இன்னும் இழுக்கும். ஜெர்மனியில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2011-இல் விற்பனைக்கு வந்தது. துருத்தூள் குழாய்க்குள் போய் கார்புரேட்டரை அடைக்கும். டேங்க்கைக் கழற்ற, பெரும்பாலும் முதலில் இன்ஜினை இறக்க வேண்டும். நல்லவேளையாக இந்த இன்ஜின் கியர்பாக்ஸோடு நான்கே போல்ட்டில் நிற்கிறது. ஒரு ஜாக்கியும் இன்னொரு ஆளும் இருந்தால் போதும்.

இனி கோழிக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி மலிவாக ஐரோப்பாவில் வந்து குவிந்தது. உள்ளூர்ப் பண்ணைகளைக் காக்க மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அதன்மீது வரியை ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீதச் சுங்கவரி விதித்தார். அடி நேராகப் புல்லி பிக்கப் மேல் விழுந்தது. 1964-இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வாங்கிய டிரக்குகளின் மதிப்பு முந்தைய ஆண்டின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆட்களை ஏற்றும் புல்லிக்கு அந்த வரி இல்லை. அது தொடர்ந்து கப்பலேறியது. பிக்கப் அரிதாகிப்போன காரணங்களில் இதுவும் ஒன்று. வரிக்கு முன்பே போய்ச் சேர்ந்து, கலிஃபோர்னியாவின் வறண்ட வெயிலில் துருப்பிடிக்காமல் கிடந்த வண்டிகளைத் தேடிப்பிடித்து ஜெர்மானியர்கள் திரும்பக் கப்பலேற்றுகிறார்கள்.

இவ்வளவு நடந்தும் புல்லிக்காரருக்கு டேங்க் கிடைக்கிறது. முதல் தலைமுறைப் புல்லி 1967 வரை ஏறக்குறைய 18 லட்சம் வண்டிகளாக வெளிவந்தது. பிரேசிலின் சாவோ பெர்னார்டோ டோ காம்போ ஆலையில் பழைய உருவம் 1975 வரை ஓடியது; இரண்டாம் தலைமுறை வண்டி அங்கே 2013 வரை உருவாகிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து பாகங்கள் வந்தன. விரும்புகிறவர்கள் பெருகியதால் புதுத் தகட்டில் பழைய அளவுக்கே டேங்க் அடித்து விற்பவர்களும் வந்தார்கள். சில நூறு யூரோவில் முடிகிற காரியம் இது. இன்ஜினை இறக்கும் கூலியையும் குழாய் மாற்றும் செலவையும் பார்த்தால், பொத்தல் விழுந்த பழைய டேங்க்கோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிது வாங்குவதே மேல்.

புதிது வேண்டாம், அசல்தான் வேண்டும் என்பவர்கள் மன்ஹைம் போவார்கள். அங்கே அக்டோபரில் கூடும் ‘வெட்டராமா’ சந்தை, சென்னைப் புதுப்பேட்டையை ஒரு பெரிய திடலில் விரித்துவைத்தது போலிருக்கும். இந்த ஊரிலிருந்துதான் 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் வண்டியை ஓட்டிச் சென்றார். தனி டேங்க் இல்லாத அந்த வண்டியின் கார்புரேட்டரில் சுமார் நாலரை லிட்டர்தான் கொள்ளும். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார்.

கிழக்கு ஜெர்மனியின் கதை வேறு. அங்கே பார்காஸ் பி1000 என்ற வேன் 1961 முதல் 1991 வரை வந்தது; அதற்குப் பிக்கப் வடிவமும் உண்டு. உதிரிபாகம் கடையில் எப்போதும் தட்டுப்பாடு. கண்ணில் பட்டதைத் தேவையோ இல்லையோ வாங்கி வைத்து, வேறொன்றுக்குப் பண்டமாற்று செய்வதே வழக்கம். ஆலை மூடிய பிறகும் அந்தச் சேமிப்பு வரிசை வரிசையான கராஜ்களில் தூங்கியது. வண்டி பிறந்த கெம்னிட்ஸ் நகரம் 2025-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானபோது, ‘3000 கராஜ்கள்’ என்று அந்தக் கொட்டகைகளுக்கே ஒரு திட்டம் வைத்தது.

மிகவும் திண்டாடுவது டெம்போக்காரர்தான். நம் ஊரில் எந்த நிறுவனத்தின் சரக்கு வண்டியையும் ‘டெம்போ’ என்கிறோமே, அந்தப் பெயர் ஹாம்பர்க்கின் ஹார்பர்க் பகுதியிலிருந்த ‘ஃபிடால் உண்ட் ஸோன்’ ஆலையுடையது. 1949-இல் அவர்களின் மட்டடோர் பிக்கப் ஃபோக்ஸ்வாகன் இன்ஜினோடுதான் வந்தது. ஃபோக்ஸ்வாகன் தானே சரக்கு வண்டி செய்யத் தொடங்கிய பின் இன்ஜின் தருவதை நிறுத்தியது. டெம்போ வேறு இன்ஜின்களுக்கு அலைந்தது. பிறகு ஆலை கைமாறியது, 1970களுக்குள் பெயரும் அங்கே மறைந்தது. அந்த வண்டிக்கு யாரும் புது டேங்க் அடிப்பதில்லை. அடித்தால் வாங்க ஆளில்லை. பழையதை அளந்து, தகடு வெட்டி, கையால் மடித்துப் பற்றவைக்கும் பட்டறைக்காரர்தான் கதி. பெட்ரோல் ஆவி மிச்சமிருக்கும் டேங்க்கில் நெருப்பு வைப்பது உயிருக்கே உலை. நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே கை வைப்பார். கூலி புல்லி டேங்க்கின் விலையைத் தாண்டிவிடும்.

30 வயதான வண்டிக்கு 1997 முதல் ஜெர்மனி தரும் ‘எச்’ நம்பர் பலகையை வாங்கினால், காருக்கு ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. ஆனால் வண்டி பெரும்பாலும் அசல் உருவில் இருக்க வேண்டும். ஏதோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவை டேங்க்காக மாட்டிக்கொண்டு போய் நின்றால் பரிசோதகர் முகம் சுளிப்பார்.

அதே டெம்போ, 1958-இல் இந்தியாவில் பஜாஜ் டெம்போ என்று தொடங்கி, மூன்று சக்கர வண்டியாகவும் மட்டடோராகவும் நம் சாலைகளில் பல்லாண்டு ஓடியது. உங்கள் ஊர்ப் பட்டறைக் கொல்லையில் அப்படி ஒரு பழைய டேங்க் கிடந்தால், பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றுவதற்கு முன் நீள அகலத்தை அளந்து, நான்கு பக்கமும் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.